பலித்ததை மட்டும் எண்ணும் ஆப்: மூன்று மாதம், 399 ரூபாய்

ஸ்டார் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் போகட்டும்: 5-க்கு 2. அதில் ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கு போனைத் திறந்தால் கண் கூசாதபடி கறுப்புத் திரை வைத்த அந்தப் புண்ணியவானுக்கு. இன்னொன்று, எழுத்தடிக்காமல் வாயால் சொன்னாலே கனவைப் பதிந்துகொள்கிற வசதிக்கு. மற்றபடி இது கனவு டைரி என்ற பெயரில் வருகிற வேறு ஏதோ ஒன்று.

ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன், அது முடியட்டும். அதோடு இதே மாதிரி ஏழெட்டு ஆப் கிடைக்கின்றன. மூன்றைத் திறந்து பார்த்தேன், மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை, நிறம்தான் வேறு. அதனால் ஒன்றைத் திட்டினால் எல்லாவற்றையும் திட்டின மாதிரிதான்.

நான் ஏன் இதை வாங்கினேன் என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும். போன ஐப்பசியில் என் பெரியப்பா தவறிவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு ஒரு கனவு. எங்கள் பழைய வீட்டு வாசலில் பெரியப்பா வெள்ளை வேட்டியோடு, கையில் மஞ்சப்பையோடு நிற்கிறார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு, நான் கெளம்பறேன்" என்கிறார். மூன்றாம் நாள் காலை அஞ்சு மணிக்குப் போன் அடித்தபோது, எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இந்தக் கதையைக் குறைந்தது இருபது பேரிடம் சொல்லியிருப்பேன். கேட்டவர்களில் பாதிப் பேர் பதிலுக்குத் தங்கள் கனவைச் சொன்னார்கள். பல் விழுந்த கனவு, மறுவாரம் மாமனார் சாவு. கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிற கனவு, மறுநாள் துக்கச் செய்தி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஈரோட்டில் ஒரு தெருவில்கூட சும்மா இருக்கிற ஆள் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆக, எனக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது போல, எழுதி வைத்துப் பார்க்கலாம் என்று தை மாதம் ஆப்பை இறக்கினேன். இலவசத்தில் ஏழு கனவுதான். எட்டாவதுக்குப் பணம் கேட்டது. மூன்று மாதத்துக்கு 399 கட்டினேன்.

வேலை செய்யும் விதம் இதுதான். எழுந்ததும் கனவைச் சொல்கிறீர்கள். ஆப் தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு, கனவில் வந்த பொருள்களைப் பிரித்துப் பலன் சொல்கிறது. எத்தனை நாளில் பலிக்கும் என்றும் சொல்கிறது. பிறகு தினமும் இரவு ஒன்பது மணிக்கு, "இன்று ஏதேனும் நடந்ததா?" என்று கேட்கிறது. ஏதாவது நடந்தது என்று எழுதினால், பழைய கனவுகளில் பொருந்துகிற ஒன்றைத் தேடி எடுத்துக்கொடுத்து, "பலித்தது" என்ற பொத்தானைக் காட்டுகிறது. அமுக்கினால் திரை முழுக்க வண்ணக் காகிதம் பறக்கும். பத்து பலித்தால் தங்க மெடல்.

"பலிக்கவில்லை" என்று ஒரு பொத்தான் இருக்குமே என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லை. இந்த ஆப் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

பலன் பகுதியை முதலில் பார்த்துவிடலாம், சிரிக்கவாவது உதவும். பாம்பு கடித்தால் நல்லது, துரத்தினால் கெட்டது, கனவில் செத்துப்போனால் ஆயுசு கெட்டி, மலத்தை மிதித்தால் பணம் வரும் என்பதெல்லாம் நம் பாட்டிமார் சொல்கிற அதே கணக்கு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பாதிப் பலன்கள் எங்கிருந்தோ ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தை வைத்து மொழிபெயர்த்தவை. உயரத்திலிருந்து கீழே விழுகிற கனவைத் தேடினேன், தலைப்பில் "இலையுதிர் காலம்" என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம். கிணற்றில் விழுந்தவளுக்கு இலையுதிர் காலம்!

எத்தனை நாளில் பலிக்கும் என்கிற கணக்கு மட்டும் எனக்கு எங்கோ படித்த ஞாபகம் வந்தது, தேடிப் பிடித்தேன். பொன்னவன் எழுதியதாகச் சொல்லப்படுகிற கனாநூல் என்ற பழைய கனவுப் பலன் நூலில் வருகிற கணக்கு அது. முதல் சாமத்தில் கண்ட கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமத்துக் கனவு எட்டு மாதத்தில், மூன்றாம் சாமத்துக் கனவு மூன்று மாதத்தில், நான்காம் சாமத்துக் கனவு பத்து நாளுக்குள். இதைப் பொன்னவன் பெயரைக்கூடச் சொல்லாமல் எடுத்து "எங்கள் பிரத்யேக அல்காரிதம்" என்று போட்டிருக்கிறார்கள். முதல் சாமம் என்றால் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் இன்று யார் தூங்குகிறார்கள், சீரியல் அல்லவா ஓடுகிறது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஊரே சொல்வதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. கண்ணுருட்டித் தூங்குகிற ரெம் உறக்கத்தை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் எழுதிக் காட்டினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்த உறக்கத்தில்தான் வருகின்றன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வரும், விடிய விடிய நீளமாகும். அதன் நடுவிலோ முடிவிலோ விழித்தால் கனவு கையோடு வரும். ஆகவே நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற கனவே பெரும்பாலும் விடியற்காலைக் கனவுதான். ஞாபகம் இருப்பதுதானே பலிக்க முடியும், ராத்திரி பதினொரு மணிக்குக் கண்டு மறந்தது பலித்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? என் 92 இரவுகளில் பதிவானவை 41 கனவுகள், அதில் 33 மூன்று மணிக்கு மேல் கண்டவை. இந்தக் கணக்கு ஆப் கொடுத்ததல்ல, நானே உட்கார்ந்து எண்ணியது.

இனி குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுக்குள் தண்ணீர் வருகிற மாதிரி கனவு. அவ்வளவுதான், வேறு விவரம் இல்லை. வியாழக்கிழமை எங்கள் வீட்டு மாடித் தொட்டியின் குழாய் உடைந்தது. சும்மா பார்க்கலாம் என்று செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்து, "மாடித் தொட்டிக் குழாய் உடைந்து படிக்கட்டில் தண்ணீர் கொட்டுகிறது" என்று திருத்தினேன். திருத்தவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, தேதி அதே செவ்வாய், காலை 4.52 என்றே நின்றது. திருத்தியதற்கான தடயம் எங்கும் இல்லை. அன்றிரவு குழாய் உடைந்ததை எழுதியதும் வண்ணக் காகிதம் பறந்தது: "வாழ்த்துகள்! 2 நாட்களுக்கு முன்பே கண்டீர்கள்!" வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். எழுத்துப்பிழை திருத்துவதற்காக அந்த வசதியாம்.

கனவு நாட்குறிப்பு என்ற பழக்கத்துக்கே உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதைப் பெரிதாகச் செய்து பார்த்தவர் ஜே. டபிள்யூ. டன் என்கிற பிரிட்டிஷ்காரர், விமானம் வடிவமைத்த பொறியாளர். 1902-ல் தென்னாப்பிரிக்காவில் படையில் இருந்தபோது, ஒரு தீவு வெடிக்கப்போகிறது, 4,000 பேரைக் காப்பாற்றுங்கள் என்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் தான் மன்றாடுவதாகக் கனவு கண்டார். பிறகு தபாலில் வந்த செய்தித்தாளில் மார்ட்டினிக் தீவில் எரிமலை வெடித்த செய்தி. தலைப்பில் இருந்த சாவு எண்ணிக்கையும் 4,000 என்றே படித்தார், அப்படியே எல்லோரிடமும் சொன்னார். பதினைந்து வருடம் கழித்து அந்தச் செய்தியைப் பிரதி எடுக்கும்போதுதான் பார்க்கிறார், அதில் 40,000 என்று போட்டிருக்கிறது. உண்மையில் செத்தவர்கள் ஏறக்குறைய 28,000 முதல் 30,000 வரை. அதாவது கனவும் அவருடைய வாசிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தின, நடந்ததோடு இரண்டுமே பொருந்தவில்லை. அப்படியானால் நான் கண்டது எரிமலையை அல்ல, நான் பிறகு படிக்கப்போகிற பேப்பரைத்தான் என்று அவர் முடிவு கட்டினார். எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் அவர் மேல் மரியாதை இருக்கிறது, தன் சறுக்கலைத் தானே எடுத்து 1927-ல் வந்த புத்தகத்தில் வைத்தார். தலையணைக்கு அடியில் நோட்டும் பென்சிலும் வை, கண் திறந்தவுடன் எழுது, பகலில் நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதாதே என்றும் சொன்னார். 399 ரூபாய் ஆப் செய்யத் தவறியதை அவர் பென்சில் செய்தது.

இன்னொருவர் ஜான் பார்க்கர், மனநல மருத்துவர். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸில் அபர்வான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். இறந்த ஒரு பத்து வயதுச் சிறுமி, பள்ளிக்கூடம் போனேன், அங்கே பள்ளிக்கூடமே இல்லை, கறுப்பாக ஏதோ வந்து மூடியிருந்தது என்று முந்தின நாள் அம்மாவிடம் சொன்னாளாம். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது எழுதும்போதும்தான். ஆனால் அந்த வார்த்தைகள் காகிதத்தில் ஏறியது எல்லாம் முடிந்த பிறகு. பார்க்கருக்கும் அந்த இடைஞ்சல் புரிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று பத்திரிகை வழியாகக் கேட்டு 76 கடிதம் வாங்கியவர், 1967-ல் லண்டன் பத்திரிகை அலுவலகத்திலேயே ஒரு பதிவகம் தொடங்கினார்: நடப்பதற்கு முன்பே எழுதி அனுப்புங்கள், தேதி போட்டு வைக்கிறோம், பிறகு ஒப்பிடுகிறோம். மதிப்பெண்கூட உண்டு, விசித்திரத்துக்கு 5, துல்லியத்துக்கு 5, நேரம் சரியாக இருந்தால் 1, மொத்தம் 11. பதினைந்து மாதத்தில் 723 முன்னறிவிப்புகள் வந்தன. பலித்ததாக அவர்கள் குறித்தது 18. அதிலும் 12 இரண்டே பேருடையவை. 705 பொய்த்ததையும் மறைக்காமல் கோப்பில் வைத்திருந்தார்கள். எனக்கு ஆப்பில் வேண்டியிருந்தது அந்தக் கோப்புதான்.

ஆப் எங்கே நிற்கிறது என்றால், நம் தலை எப்படி வேலை செய்கிறதோ அப்படியே அதுவும் செய்கிறது. ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் என்ற இருவர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் கண்ட கனவுகளும் அவருக்கு நடந்தவைகளும் கலந்த டைரி ஒன்றை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சில கனவு பலித்திருக்கும், சில பலித்திருக்காது. பிறகு ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னால் பலித்ததே அதிகம் வந்தது. பலிக்காத கனவு ஒரு சம்பவமே இல்லை, அதை எதில் மாட்டி வைப்பது?

ஐந்து ஸ்டார் விமர்சனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் படித்துத்தான் நானும் பணம் கட்டினேன். "அப்படியே நடந்தது, கை கால் நடுங்கிவிட்டது" என்று வரிசையாக இருக்கும். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சின்னக் கணக்கு. தற்செயலாகக் கனவும் மறுநாள் நடப்பும் ஒத்துப்போவது 10,000 இரவில் ஒருமுறை என்று வையுங்கள், அதாவது ஒரு ஆளுக்கு 27 வருடத்தில் ஒருதடவை. பத்து லட்சம் பேர் இந்த ஆப்பை இறக்கியிருக்கிறார்கள். அப்படியானால் தினமும் காலையில் 100 பேருக்குக் கை கால் நடுங்கும். அந்த நூறு பேர்தான் விமர்சனம் எழுதுகிறார்கள். மீதி 9,99,900 பேர் எழுந்து பல் தேய்க்கிறார்கள்.

பரிகாரக் கடைக்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும். கெட்ட கனவு என்று ஆப் முடிவு செய்தால் சிவப்பாக ஒரு பெட்டி வரும்: 51 ரூபாய்க்கு அர்ச்சனை, 501-க்குத் துர்க்கனவு நிவர்த்தி. கெட்ட கனவு கண்டால் எங்கள் அம்மா மாட்டின் காதில் போய்ச் சொல்லச் சொல்வாள், செலவில்லை, மாடும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைச் சொல்கிற இடம் ஞாபகம் வருகிறது. கோவலன் கைப்பிடித்து ஒரு பெரிய ஊருக்குப் போனோம், அங்கே தேளை எடுத்துப் போட்ட மாதிரி எங்கள் மேல் ஒரு பழி போட்டார்கள், அவனுக்குத் தீங்கு, நான் அரசன் முன் வழக்காடினேன், அந்த ஊருக்கும் கேடு வந்தது என்று. கேட்டுக்கொண்டிருந்த தேவந்தி உடனே வழி சொல்கிறாள், சோமகுண்டம், சூரியகுண்டம் துறை இரண்டிலும் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம் என்று. பள்ளியில் இதைப் படித்தபோது தேவந்தி நல்ல தோழி என்று நினைத்தேன். இப்போது படித்தால் கஸ்டமர் கேர் குரல் கேட்கிறது (பாவம், அவள் காசு கேட்கவில்லை). கண்ணகி சொன்ன பதில் ஒரே சொல், "பீடன்று", அது பெருமையல்ல என்று. அந்தச் சிவப்புப் பெட்டியில் மூடுகிற குறியை ஒவ்வொரு முறை தொடும்போதும் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டேன்.

இப்போது பெரியப்பா கனவுக்குத் திரும்புகிறேன். ஆப்பில் நான் போட்ட முதல் பதிவே அதுதான், பழைய தேதி போட்டு. மெடலுக்கான முதல் "பலித்தது"ம் அதுதான். மாசியில் போன் மாற்றும்போது வாட்ஸப்பைப் புதுப் போனுக்கு ஏற்றினேன். அப்போது அக்காவுக்கு நான் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் கண்ணில் பட்டது. 47 விநாடி. அந்தக் கனவு கண்ட அன்றைக்குக் காலை, தூக்கக் கலக்கக் குரலில் அனுப்பியது. அனுப்பியதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதில் இருப்பது இப்படி: "அக்கா, ஒரு கனா. நம்ம பழைய வீட்டு வாசல்ல யாரோ வயசானவரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறாரு. தாத்தா மாதிரி இருந்துச்சு, தெரியல. அப்புறம் பஸ்ஸுல ஏறிப் பாத்தா நம்ம கணக்கு டீச்சர் டிக்கெட் குடுக்கறாங்க, எங்கிட்ட சில்லறை இல்ல..." மீதி முழுக்க சில்லறை பற்றித்தான்.

பெரியப்பா இல்லை. வெள்ளை வேட்டி இல்லை. மஞ்சப்பை இல்லை. "கண்ணு" இல்லை. கணக்கு டீச்சர் இருக்கிறார், நான் இருபது பேரிடம் சொன்னபோது அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை, அது சத்தியம். இப்போது கண்ணை மூடினாலும் பெரியப்பாவின் முகம்தான் தெரிகிறது, அந்தத் தாத்தா முகம் எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. அவர் இருபது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார், கிட்னி. நாங்கள் எல்லோரும் போன் அடித்தாலே பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பயம் ஒரு வயசானவரை வாசலில் நிறுத்தியது, சாவு வந்து அவருக்கு முகம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு அந்த மெசேஜைத் திரும்ப அனுப்பினேன். "பாத்தியா, அது பெரியப்பாதான். உனக்கு அப்ப அடையாளம் தெரியல, அவ்வளவுதான்" என்றாள். அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சொல்லிட்டுப் போலாம்னு வந்திருக்காரு, நீ சில்லறை தேடிட்டு இருந்திருக்கே" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பெரியப்பா எனக்குச் சொல்லிவிட்டுப் போனார் என்பது ஐந்து மாதமாக எனக்குமே ஆறுதலாக இருந்தது, அதை அம்மாவிடம் போய் எதற்குப் பிடுங்க வேண்டும்.

இதற்குப் பிறகு 20 ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஆப்பில் இருந்த அந்த 41 கனவையும் திருத்தாத வடிவில் அதில் எழுதி, இடப்பக்கம் கனவு, வலப்பக்கம் பத்து நாளில் நடந்தது, கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று போட்டேன். ஆப் கணக்கில் பலித்தவை 9. நோட்டுக் கணக்கில் 1. அந்த ஒன்று: எங்கள் ஆபீஸுக்கு வரும் ஆடிட்டர், எப்போதும் பளபளவென்று ஷூ போடுகிறவர், ஹவாய் செருப்போடு படியேறி வருகிறார். கண்டது திங்கள் விடியற்காலை. புதன்கிழமை கால் பெருவிரலில் கட்டோடு, நீல ஹவாய் செருப்பில் வந்து நின்றார். நான் கணக்குப் புத்தகத்தை நீட்டாமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம். இந்த ஒன்றை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 10,000-த்தில் ஒன்று என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், இருந்தாலும்.

சரி, வாங்கலாமா? பேச்சாகப் பதிகிற வசதிக்கு உங்கள் போனில் இலவசமாகவே ரெக்கார்டர் இருக்கிறது, பேசி அக்காவுக்கோ தங்கைக்கோ அனுப்பிவிடுங்கள், அவர்கள் போனில் போய்த் திருத்த முடியாது. பலன் படிக்க ஆசை என்றால் பழைய புத்தகக் கடையில் கனவு பலன் புத்தகம் கிடைக்கும், தமிழாவது தமிழாக இருக்கும். ரொம்பப் பயப்படுகிறவர்கள், வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறவர்கள், இந்த ஆப் பக்கமே போகாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு "இன்று ஏதேனும் நடந்ததா?" என்று அது கேட்கிற கேள்வி அந்த வீட்டில் நல்லதாக விழாது.

பணம் திரும்பக் கேட்டது பற்றி: "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் வந்தது, அப்புறம் சத்தமில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம், 399 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டதாக மெசேஜ் வருகிற மாதிரி கனவு கண்டேன். காலை 4.20, நான்காம் சாமம், பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். பொன்னவன் கணக்குப்படி பத்து நாள். இன்றோடு பன்னிரண்டு.